கட்டைவிரல் எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைப் பொட்டு: எல்லோருக்கும் இருக்குமா, இல்லை எனக்கு எலும்பு பெயர்ந்துவிட்டதா?

ஞாயிறு_கீப்பர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விக்கெட் கீப்பிங் செய்யும்போது ஒரு பந்து கிளவுஸ் நுனியில் பட்டு வலது கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்துவிட்டது. அப்போதைக்கு ஐஸ் வைத்துக்கொண்டு மீதி ஓவர்களை முடித்துவிட்டேன். ராத்திரி பார்த்தால் விரலின் அடிப்பகுதி பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. திங்கட்கிழமை காலையில் பக்கத்தில் இருக்கிற ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தேன். படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தவர், "இங்க சின்னதா ஏதோ பெயர்ந்திருக்கிற மாதிரி இருக்கு, எதுக்கும் டாக்டரைப் பாத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். மாலையில் வந்த ரிப்போர்ட்டில் முறிவு எதுவும் இல்லை என்று ஒரே வரி. இரண்டில் எதை நம்புவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு இருக்கிறது. ஒன்று எலும்பின் தலைமேலேயே படிந்த மாதிரி, இன்னொன்று ஓரத்தில் தனியாக. அத்தோடு விட்டிருக்கலாம். அடிபடாத ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு பொட்டு, சுண்டுவிரலின் அடியில் இன்னொரு பொட்டு. அங்கெல்லாம் எனக்கு வலியே இல்லை. மொத்தம் நான்கு. ரிப்போர்ட்டில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கூகுளில் தேடியதில் செசமாய்டு என்று ஒரு பெயர் கிடைத்தது, எள் மாதிரி இருக்கும் எலும்பாம். ஒரு இடத்தில் எல்லோருக்கும் உண்டு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் அரிதானது என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மனித உடம்பில் 206 எலும்பு, கையில் 27 என்றுதான் படித்தோம். இந்தப் பொட்டுகள் அந்தக் கணக்கில் வருமா? நான்கு இருப்பது சகஜமா? பெயர்ந்த சில்லுக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் பார்ப்பது? மாமியார் ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார், நீவிவிட்டால் சரியாகிவிடும் என்று தினமும் போன் வருகிறது. பதில் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

*

இருட்டறை எழுதியது:

முதலில் நீவி விடுவதை நிறுத்தி வையுங்கள். வீங்கிய மூட்டை இப்போது யாரும் உருவக் கூடாது. மற்றதைப் பிறகு பேசுவோம்.

நான் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். பிலிமை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்திலிருந்து இன்று கம்ப்யூட்டர் திரை வரைக்கும் ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்தாயிற்று. பெரியவர்கள் கையில் கட்டைவிரல் அடிமூட்டில் அந்த இரண்டு பொட்டு இல்லாத படம் வந்தால் நான்தான் திகைப்பேன். கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும், இருக்க வேண்டியதே அதுதான். நீங்கள் சொல்கிற இடமும் சரியாகப் பொருந்துகிறது. உள்ளங்கையைப் பலகையில் வைத்து எடுக்கும் படத்தில் மற்ற நான்கு விரலும் நேராகப் படுக்கும், கட்டைவிரல் மட்டும் சாய்ந்து விழும். அதனால் ஒரு பொட்டு எலும்பின் தலைமேல் ஏறிக்கொண்டும் மற்றது ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டும் தெரியும். அதே விரலைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே பொட்டாகிவிடும். "போன படத்தில் இரண்டு இருந்தது, இதில் ஒன்று, மற்றது எங்கே போச்சு?" என்று கேட்டவர்கள் உண்டு.

ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் பொட்டுகளும் சகஜம்தான், ஆனால் எல்லோருக்கும் கிடையாது. சுண்டுவிரல் அடியில் பாதிப் பேருக்கு மேல் இருக்கும். ஆள்காட்டி விரல் அடியில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக. எந்த ஊரில், எந்த முறையில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், ஆனால் இந்த வரிசை பெரும்பாலும் மாறாது. நடுவிரலிலும் மோதிர விரலிலும் இருந்தால்தான் அபூர்வம், நூறு பேரில் ஓரிருவர் தேறினாலே அதிகம். நீங்கள் விட்டுவிட்ட இன்னொரு இடம் இருக்கிறது. கட்டைவிரலின் மேல் மூட்டு, அதாவது நகத்துக்குக் கீழே மடங்குகிற இடம். அங்கேயும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று உண்டு. படத்தை எடுத்து இன்னொரு முறை பாருங்கள்.

இப்போது சில்லு விஷயம். செசமாய்டு என்றால் ஓரம் சுற்றிலும் வழவழப்பாக இருக்கும், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய வெள்ளை விளிம்பு முழு வட்டமாக ஓடும். பெயர்ந்த சில்லில் அந்த விளிம்பு ஒரு பக்கத்தில் இருக்காது, உடைந்த பக்கம் கரடுமுரடாக இருக்கும். இன்னொன்று, சில்லு வானத்திலிருந்து விழாது. அது பெயர்ந்து வந்த பள்ளம் பக்கத்து எலும்பில் எங்காவது இருக்க வேண்டும். தோசையில் ஒரு துண்டைப் பிய்த்தால் மீதித் தோசையில் பிய்ந்த இடம் தெரிகிற மாதிரி. அந்தப் பள்ளம் எங்கேயும் இல்லை, பொட்டு உருண்டையாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

ரிப்போர்ட்டில் எழுதாததும் வழக்கம்தான். மூக்கு இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை அல்லவா. ஆனால் கவுன்டரில் இருப்பவர் "ஏதோ பெயர்ந்திருக்கு" என்று போகிற போக்கில் சொல்லி அனுப்பியது தப்பு. படம் எடுப்பது எங்கள் வேலை, படித்துச் சொல்வது டாக்டர் வேலை. அந்த ஒரு வார்த்தையால் மூன்று நாள் தூக்கம் போகும் என்று எங்கள் ஆட்களுக்குப் புரிய வேண்டும்.

*

எலும்புப்பெட்டி எழுதியது:

நான் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறவள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வருஷ மாணவர்கள் எலும்பு செட் வாங்கி வைத்திருப்பார்கள், அதில் இந்த எலும்புகள் கிடைக்காது. காரணம் எளிது. மற்ற எலும்புகள் ஒன்றோடொன்று மூட்டில் சேர்கிறவை, இவை தசைநாணுக்குள்ளும் மூட்டின் உறைக்குள்ளும் புதைந்து கிடப்பவை. சதையை நீக்கி எலும்பைச் சுத்தம் செய்யும்போது சதையோடு சேர்ந்து இவையும் போய்விடும். பாடப்புத்தகத்தில் ஒரு வரி படிப்பார்கள், கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் டிசெக்ஷன் ஹாலில் கட்டைவிரல் அடிமூட்டைத் திறக்கிற நாளுக்காக நான் காத்திருப்பேன். மூட்டின் உள்ளங்கைப் பக்கம் ஒரு தடித்த தட்டு மாதிரி நார்த்திசு இருக்கும். அதன் ஓரத்தில் கத்தி போகும்போது வெண்ணெயில் போவது போலப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று 'நறுக்' என்று நிற்கும். "மேடம், மணல் மாதிரி இருக்கு" என்பார்கள். அதுதான் அந்த எலும்பு. எள் என்று பெயர் இருந்தாலும் கட்டைவிரலில் இருப்பது எள்ளைவிடப் பெரியது, உடைத்த துவரம் பருப்பு அளவு இருக்கும்.

அந்தப் பெயர் கி.பி. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற கிரேக்க மருத்துவர் வைத்தது என்பார்கள். கிரேக்க மொழியில் எள்ளுக்கு செசமோன். தமிழில் எள்ளெலும்பு என்று சொன்னால் எதுவும் குறைந்துவிடாது, இனிமேல் நான் அப்படியே எழுதப் போகிறேன்.

கட்டைவிரலில் இருக்கிற இரண்டுக்கும் தனித்தனி வேலைக்காரர்கள் உண்டு. வெளிப்பக்க எள்ளெலும்பில் கட்டைவிரலை மடக்கும் குட்டைத் தசை வந்து சேரும். உள்பக்கத்து எலும்பில், அதாவது ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில், கட்டைவிரலை உள்ளங்கைக்கு இழுக்கும் தசை சேரும். இரண்டு எலும்புக்கும் நடுவில், வாய்க்காலின் இரண்டு கரைக்கு நடுவில் தண்ணீர் ஓடுகிற மாதிரி, விரல்நுனி வரை போகும் நீளமான தசைநாண் ஓடுகிறது. நாம் எதையாவது அழுத்திப் பிடிக்கும்போது அந்த நாண் நசுங்காமல் கரைகள் காப்பாற்றுகின்றன. அதோடு தசைநாணை மூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துவதால் இழுவையும் கூடும். கிணற்று ராட்டினத்தில் கயிறு போகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் சில்லு இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. உடம்பிலேயே பெரிய எள்ளெலும்பு அதுதான்.

206 கணக்கைக் கேட்டீர்கள். அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். அந்த 206-க்குள் முழங்கால் சில்லு இரண்டும் சேர்த்தி. மணிக்கட்டில் இருக்கும் பட்டாணி எலும்பு இரண்டும் சேர்த்தி. அதுவும் ஒரு தசைநாணுக்குள் உட்கார்ந்திருக்கிற எலும்புதான், ஆனாலும் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். மற்ற எள்ளெலும்புகளை எண்ணவில்லை, ஏனென்றால் ஆளுக்கு ஆள் மாறும். கையில் 27 என்பதும் அப்படித்தான்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரல் அடியில் கைக்கு இரண்டு, கால் பெருவிரல் அடியில் காலுக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே எட்டு கூடிவிடுகிறது. ஆகவே வளர்ந்த மனிதர்களில் பெரும்பாலானோர் 206-ஐத் தாண்டியவர்கள்.

பட்டாணி எலும்பை இப்போதே தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, மணிக்கட்டை லேசாக மடக்கித் தளர விடுங்கள். சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு ரேகைக்குச் சற்று மேலே உள்ளங்கைத் தொடக்கத்தில் ஒரு சின்ன உருண்டை தட்டுப்படும், பக்கவாட்டில் கொஞ்சம் நகரும். மணிக்கட்டை விறைப்பாக்கினால் நாண் இறுகி அது நகராது.

இருட்டறை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் அல்ல. குருத்தெலும்பாகவே நின்றுவிட்டவை படத்தில் விழாது. அறுத்துப் பார்த்து எண்ணியவர்களுக்கும் படம் பார்த்து எண்ணியவர்களுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

*

மாவாட்டும்_கை எழுதியது:

மேடம், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மெஸ் நடத்துகிறோம். பரோட்டா மாவு பிசைந்து பிசைந்து கட்டைவிரல் அடி எப்போதும் கெட்டியாகத்தான் இருக்கும். அதிகமாக வேலை செய்கிற கையில் இந்த எலும்பு அதிகமாக வளருமா? வேலை செய்யாமல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இல்லாமல் போகுமா?

*

எலும்புப்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி, இதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தசைநாணில் உரசல் ஏற்படுகிற இடத்தில்தான் இவை இருக்கின்றன என்பதால் உரசலே இவற்றை உண்டாக்குகிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆனால் குழந்தை கருவில் இருக்கும்போதே, ஒரு பாத்திரத்தையும் தொடாத கையிலேயே, குருத்தெலும்பாக இவை உருவாகிவிடுகின்றன. ஆகவே வரைபடம் பிறப்பிலேயே இருக்கிறது. ஒருவருக்கு வலது கையில் எந்த இடத்தில் இருக்கிறதோ பெரும்பாலும் இடது கையிலும் அதே இடத்தில் இருக்கும், ஒரு கை மட்டும் உழைத்தாலும்கூட. எல்லோருக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று இல்லை. பரோட்டா பிசைந்து புதிதாக ஒன்று முளைக்காது. கெட்டியாக இருப்பது பலப்பட்ட தசையும் தடித்த தோலும்.

ஆனால் வாழ்க்கைமுறைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முழங்காலுக்குப் பின்னால் சிலருக்கு ஃபபெல்லா என்று ஒரு எள்ளெலும்பு இருக்கும். 2019-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் பழைய பதிவுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். 1918-இல் நூற்றுக்கு 11 பேருக்கு இருந்தது, 2018-இல் 39 பேருக்கு இருக்கிறது என்று கணக்கு வந்தது. நூறு வருஷத்தில் மூன்றரை மடங்கு. சாப்பாடு நன்றாகக் கிடைத்து மனிதர்கள் உயரமாகவும் கனமாகவும் ஆனதால் முழங்காலின்மேல் விழும் சுமை கூடியது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் யோசிக்கிறார்கள். அது கால், நாம் பேசுவது கை, அதனால் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கையைப் பொறுத்தவரை காலம் இன்னும் நீளமானது. பல குரங்கினங்களுக்கு ஐந்து விரலின் அடியிலும் இரண்டிரண்டு இருக்கும். நமக்குக் கட்டைவிரலில் மட்டும் இரண்டும் நிலைத்தன, ஆள்காட்டியிலும் சுண்டுவிரலிலும் சிலருக்கு ஒவ்வொன்று மிஞ்சியது, நடுவில் இருக்கிற இரண்டு விரலில் ஏறக்குறைய மறைந்தேவிட்டன. மிஞ்சியதும் எங்கே என்று பாருங்கள்: ஆள்காட்டி விரலில் கட்டைவிரலைப் பார்த்த பக்கம், சுண்டுவிரலில் கையின் வெளி ஓரம். இன்னொரு பக்கம், பாண்டா கரடி மூங்கிலைப் பிடிக்க ஆறாவது விரல் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறதே, அது விரலே இல்லை, மணிக்கட்டில் இருந்த ஒரு எள்ளெலும்பு பெரிதாக வளர்ந்தது. யானையின் பாதத்திலும் இப்படி ஒன்று வளர்ந்து பின்பக்கம் முட்டுக்கொடுக்கிறது. நான் இதை வகுப்பில் சொல்லும்போது ஒருவரும் செல்போனைப் பார்க்க மாட்டார்கள்.

*

கிளிப்_அம்மா எழுதியது:

எனக்கு டாக்டர் படிப்பு எதுவும் இல்லை, ஆனால் இந்தப் பொட்டுக்காக எட்டு மாதம் காத்திருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பத்தரை வயதில் கீழ்த்தாடை உள்ளே போய் மேல்பல் தூக்கிக்கொண்டு இருந்தது. பல் சீரமைக்கிற டாக்டரிடம் போனோம். அவர் பல்லைப் பார்த்துவிட்டு இடது கையை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது, பல்லுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேனா முனையால் கட்டைவிரல் அடியில் காட்டினார். "இந்த இடத்தில் ஒரு பொட்டு வரும். இன்னும் வரவில்லை. வரும்போது பிள்ளை கிடுகிடுவென்று வளரப் போகிறாள் என்று அர்த்தம், தாடையும் அப்போதுதான் வளரும், அந்த நேரத்தில் கருவி மாட்டினால் தாடை நம்மோடு ஒத்துழைக்கும். இப்போது மாட்டினால் குழந்தைக்குத்தான் வீண் கஷ்டம்" என்றார்.

எட்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் அந்த இடத்தில் கடுகைவிடச் சின்னதாக, மங்கலாக ஒன்று. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வாரமே ட்வின் பிளாக் மாட்டினார்கள். அந்த வருஷம் பள்ளிச் சீருடையை இரண்டு தடவை தைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு வளர்ந்தாள். கீப்பர் தம்பி, உங்களுக்கு இருக்கிற பொட்டும் உங்கள் பன்னிரண்டு பதிமூன்று வயதில் இப்படித்தான் வந்திருக்கும்.

*

பல்_பிஜி எழுதியது:

கிளிப்_அம்மா சொன்னதை எங்கள் துறையில் இருந்து உறுதி செய்கிறேன். அந்த டாக்டர் பார்த்தது உள்பக்க எள்ளெலும்பை, எலும்புப்பெட்டி மேடம் சொன்ன இழுக்கும் தசையோடு சேர்ந்திருக்கிறதே அதை. பெண் பிள்ளைகளுக்குச் சுமாராக 11 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமாராக 13 வயதிலும் அது எலும்பாகத் தொடங்கும். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகலாம். அது குறையில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கடிகாரம் வேறு.

1967-இல் பியோர்க், ஹெல்ம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உயரம் வேகமாகக் கூடுகிற காலத்தோடு இந்த எலும்பை இணைத்து எழுதினார்கள். பொதுவாக அந்த உச்ச வேகத்துக்குச் சற்று முன்போ அல்லது அதே சமயத்திலோ இது தெரிய வரும். 1982-இல் ஃபிஷ்மன் கை எலும்புகளை வைத்து 11 படிநிலை வகுத்தார், அதில் 4-வது படியே இந்த எள்ளெலும்பு தெரிவதுதான். ஒரு முழுப் படிநிலைக்கு ஒரே அடையாளமாக இந்தச் சின்ன எலும்பை வைத்ததிலிருந்தே அதன் மதிப்பு தெரிகிறது.

இப்போது பல இடங்களில் கைக்குத் தனியாக எக்ஸ்ரே எடுப்பதில்லை. பல் சீரமைப்புக்கு எப்படியும் தலையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கிறோம், அதிலேயே கழுத்து எலும்புகளின் வடிவத்தைப் பார்த்து வளர்ச்சியைக் கணித்துவிடலாம், குழந்தைக்கு ஒரு கதிர்வீச்சு மிச்சம். ஆனாலும் சந்தேகம் வந்தால் இன்னும் கையைத்தான் பார்க்கிறோம்.

பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளின் கை எக்ஸ்ரேயில் இந்தப் பொட்டைத் தேடாதீர்கள். பெரும்பாலும் இருக்காது. குருத்தெலும்பாக உள்ளே இருக்கும், படத்தில் விழாது.

*

மூட்டுக்காரன் எழுதியது:

நல்ல விஷயமெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் பிசியோதெரபிஸ்ட், கீப்பர் தம்பிக்கு வேண்டிய காரியத்தை மட்டும் பேசுகிறேன்.

உங்களுக்கு எலும்பு பெயரவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம், ஆனால் ஒன்றுமே ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கட்டைவிரல் பின்னால் வளைகிற அடியில்தான் எள்ளெலும்பே முறியும். அபூர்வம், ஆனால் நடக்கும், கீப்பர்களுக்கும் வாலிபால் ஆடுகிறவர்களுக்கும் நானே பார்த்திருக்கிறேன். சாதாரணப் படத்தில் தப்பிவிடும், சாய்த்து எடுத்தால்தான் கோடு தெரியும். கட்டைவிரல் அடியில் உள்ளங்கைப் பக்கம், அந்தப் பொட்டு இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு விரல்நுனியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் சும்மா வலித்து, அந்த ஒரு புள்ளியில் மட்டும் சுரீர் என்று வலித்தால் டாக்டரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

சிலருக்கு எள்ளெலும்பு பிறப்பிலேயே இரண்டு துண்டாக இருக்கும். காலில் அது அடிக்கடி வரும், கையில் மிகவும் குறைவு. அதை முறிவு என்று நினைத்துக் கட்டுப் போட்ட கதையும் உண்டு, முறிவைப் பிறப்பு என்று விட்டுவிட்ட கதையும் உண்டு. இரண்டு துண்டின் ஓரமும் வழவழப்பாக இருந்தால் பிறப்பு, எதிரெதிர் ஓரம் கூராக இருந்து சேர்த்து வைத்தால் பொருந்துகிற மாதிரி இருந்தால் முறிவு.

முறிந்திருந்தாலும் மூட்டு ஆடாமல் உறுதியாக நின்றால் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். விரலைக் கொஞ்சம் மடக்கின நிலையில் ஸ்பிளிண்ட் போட்டுச் சில வாரம் ஓய்வு கொடுப்பார்கள். மூட்டின் முன்பக்கத் தட்டு கிழிந்து விரல் பின்னால் கட்டுப்பாடில்லாமல் போகிறது என்றால் கதை வேறு. அதைவிட எனக்குக் கவலை உள்பக்கத் தசைநார்தான். ஒரு பேப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மற்ற கையால் இழுத்துப் பாருங்கள், சாவியைத் திருகிப் பாருங்கள். பிடி வழுக்கினால் அல்லது மூட்டு பக்கவாட்டில் ஆடுகிற மாதிரி இருந்தால் கை அறுவை மருத்துவர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். அது எக்ஸ்ரேயில் தெரியாது. சுளுக்கு எடுப்பவர் பலமாக இழுத்தால் பாதி கிழிந்தது முழுசாகக் கிழியும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

*

ஞாயிறு_கீப்பர் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன்.

மூட்டுக்காரன் அண்ணா சொன்ன மாதிரி அழுத்திப் பார்த்தேன், உள்ளங்கைப் பக்கம் பொட்டு இருக்கிற இடத்தில் வலி குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். பேப்பர் இழுத்ததில் கொஞ்சம் வழுக்கியது. நேற்று கை மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் படத்தை எடுத்ததும் முதலில் கேட்டது, "அந்த ரெண்டு பொட்டைப் பாத்துப் பயந்தீங்களா?" என்றுதான். தினமும் இரண்டு பேராவது கேட்பார்களாம். இடது கையையும் சாய்த்து ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டைவிரல் இரண்டு, சுண்டுவிரல் ஒன்று, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அதே இடத்தில். ஆள்காட்டி விரலில் மட்டும் வலது கையில் இருப்பது இடதில் இல்லை. அதுவும் சகஜம் என்றார். இருட்டறை சொன்ன மேல் மூட்டுப் பொட்டும் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஆக வலது கையில் மொத்தம் ஐந்து.

எலும்பில் எந்தக் குறையும் இல்லை. உள்பக்கத் தசைநார் லேசாக இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு மூட்டை அசைத்துப் பார்த்து உறுதி செய்தார். நான்கு வாரம் ஸ்பிளிண்ட், அதுவரை கீப்பிங் கிடையாது. மாமியாரிடம் படத்தையே காட்டிவிட்டேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எள்ளுன்னு சொல்றியே, எனக்கும் இருக்குமா?" அவர் இரண்டு வருஷம் முன்னால் வழுக்கி விழுந்து மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டபோது எடுத்த படம் பீரோவில் துணிக்கடியில் இருந்தது. எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். கட்டைவிரலில் இரண்டு இருக்கிறது. சுண்டுவிரலில் இல்லை, ஆள்காட்டி விரலில் இல்லை. மோதிர விரல் அடியில் ஏதோ மங்கலாகத் தெரிகிறது, அது பொட்டா அல்லது படத்தில் விழுந்த கறையா என்று எங்களுக்குப் புரியவில்லை. இருட்டறை சார், படத்தை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

*

இருட்டறை எழுதியது:

அனுப்புங்கள். விளக்கைப் படத்துக்குப் பின்னால் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். ஓரத்தில் இருக்கிற பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். அதே இடம் சாய்ந்த படத்திலும் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், கறை என்றால் ஒரு படத்தில் மட்டும்தான் இருக்கும். நிஜமாகவே மோதிர விரலில் எள்ளெலும்பு என்றால் எனக்கே அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, இத்தனை வருஷத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது.